கறுப்பு வெள்ளைக் கேமராவும் இரண்டு மிளகாயும்

"இங்க மழை விட்டபாடில்ல. நீங்க ஆறுதலா வாங்க தம்பி" என்று சொல்லிவிட்டு நசீர் நானா தொலைபேசியை வைத்துவிட்டார். எனக்குப் பகீரென்றது. எங்கள் சிவகாசியில் ஆறுதல் என்பது துக்க வீட்டில் சொல்வது. அங்கே யாரோ போய்விட்டார்கள், நல்ல நேரம் பார்த்துத்தான் கேமரா வாங்கக் கிளம்புகிறோம் என்று நினைத்துக்கொண்டு பெட்டியில் ஒரு வெள்ளைச் சட்டையையும் எடுத்து வைத்தேன். திருகோணமலையில் ஆறுதலாக என்றால் அவசரமில்லாமல் என்று பொருள். அது நேரில் போய் அவர் கையைப் பிடித்து, "கேட்டதுல இருந்து மனசே சரியில்ல" என்று நான் சொல்லி, அவர் பயந்துபோய், "ஏன், உங்கட வீட்டில ஆருக்கும் சுகமில்லையா?" என்று திருப்பிக் கேட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நசீர் நானா திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள கிண்ணியாக்காரர்; நானா என்றால் அங்கே முஸ்லிம்களுக்கு அண்ணன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஐஸ் ஆலை வைத்திருக்கிறார். வயது அறுபதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் கொடுப்பது தொழில், வானத்தைப் படம் எடுப்பது பைத்தியம். அதே பைத்தியம் பிடித்தவர்கள் கூடும் இணையக் குழு ஒன்றில்தான் எங்களுக்குள் பழக்கம். அவரிடம் இரண்டு கறுப்பு வெள்ளைக் கேமராக்கள் இருந்தன. "ஒண்டத் தாறன். எது வேணுமெண்டு நேர்ல வந்து வடிவாப் பாத்து எடுங்க" என்றார். வடிவாக என்றால் நன்றாக என்று நானே ஊகித்துக்கொண்டேன்.

கலர்க் கேமரா ஊர் முழுக்கக் கிடைக்கும்போது கறுப்பு வெள்ளைக்காகக் கடல் தாண்டுவானேன் என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன். நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவன். எங்கள் ஊர்க் காலண்டரில் முருகன் அத்தனை நிறத்தில் சிரித்தாலும், அச்சடிக்கும்போது ஒவ்வொரு மைக்கும் ஒரு தகடு, தனித்தனியாகத்தான் போகிறார். கறுப்பு வெள்ளைக் கேமராவும் அப்படித்தான். சிவப்புக் கண்ணாடி வைத்து ஒரு படம், பச்சை வைத்து ஒன்று, நீலம் வைத்து ஒன்று. மூன்றையும் கணினியில் அடுக்கினால் நிறம் வரும், அதுவும் கலர்க் கேமராவைவிடத் துல்லியமாக. கண்ணாடியே வைக்காவிட்டால் வருகிற வெளிச்சம் முழுவதையும் வாங்கிக்கொண்டு கறுப்பு வெள்ளையில் கொடுக்கும். நெபுலா என்கிற மங்கலான விண்மேகங்களுக்கு அதைவிட நல்லது கிடையாது.

பதில் என்னவோ உண்மைதான், காரணம்தான் பொய். எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று போலத் தெரியும். பிறவியிலிருந்தே அப்படி. இதை யாரிடமும் சொன்னதில்லை, மனைவியிடம்கூட. கறுப்பு எழுத்தும் வெள்ளைத் தாளுமாக இருக்கிற வேலையாகப் பார்த்துச் சேர்ந்து, நாற்பத்து நாலு வயது வரை வண்டியை ஓட்டிவிட்டேன். போன வருடம்தான் மாட்டிக்கொள்ளப் பார்த்தேன். ராத்திரி ராத்திரியாக விழித்து எடுத்த ஒரு நெபுலாவை, செக்கச்செவேலென்று இருக்கவேண்டியதை, கணினியில் நிறம் கூட்டி எங்கள் வானியல் குழுவில் போட்டேன். அரைமணி நேரத்தில் அதற்குக் கீரை மசியல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவசரத்தில் தப்பாகிவிட்டது என்று நானும் சேர்ந்து சிரித்தேன். அன்றைக்கே முடிவு செய்தேன், இனி என் படத்தில் நிறமே இருக்காது. கறுப்பு வெள்ளைக்காரன் என்று ஒரு பெயர் எடுத்துவிட்டால் செத்தாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை.

ரயிலில் தூங்கி விழுந்துகொண்டிருந்தவன் ஒரு நிலையம் முன்னாலேயே, சீனன்குடாவில் இறங்கிவிட்டேன். விமானத் தளமும் எண்ணெய்த் தாங்கிகளும் உள்ள இடம். கழுத்தில் பையும் கையில் குழல் மாதிரி ஒரு பெட்டியுமாக விடிகாலைத் தூறலில் நடப்பவனை யார் சும்மா விடுவார்கள்? காவல்காரர் ஒருவர் கை காட்டி நிறுத்தி, சிங்களம் கலந்த தமிழில், "சிவப்பு பீப்பா பக்கத்துல நில்லுங்க" என்றார். சாலையோரம் இரண்டு பீப்பாய்கள் இருந்தன. அதிலே ஒன்றின் பக்கத்தில் நம்பிக்கையோடு போய் நின்றேன். "சிவப்பு, சிவப்பு!" என்று அவர் கத்தினார். அப்போதுதான் கேட்டது போல முகத்தை வைத்துக்கொண்டு மற்றதற்கு நகர்ந்தேன். அதற்குப் பிறகு அவர் பையைத் திறந்து பார்த்தது மிகவும் நியாயம்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக என் பழைய கலர்க் கேமராவைக் கொண்டு போயிருந்தேன். அவர் அதை உருட்டி உருட்டிப் பார்த்தார். திரை எங்கே? கிடையாது. பொத்தான்? கிடையாது. இதில் எதைப் படம் எடுப்பாய்? நட்சத்திரங்களை. அவர் தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தார். கரிச்சட்டியைக் கவிழ்த்தது போல இருந்தது. இதற்குள், இறங்கியதுமே நான் தொலைபேசியில் சொல்லியிருந்ததால், நசீர் நானா அனுப்பிய ஓட்டோ வந்துவிட்டது. அதன் சாரதி அன்டனி, வாட்டசாட்டமான ஆள், முன்பு மீன்பிடிப் படகில் இருந்தவர், இறங்கி வந்து சிங்களத்தில் ஏதோ விளக்கினார். காவல்காரரும் அவரோடு காவலில் நின்ற இன்னொருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"என்ன சொல்றாங்க?" என்றேன்.

"மாரி மழை முடியப் பங்குனியாகும், அதுவரைக்கும் இவர் இதிலயே நிக்கப்போறாரோ எண்டு கேக்கினம்" என்றார் அன்டனி.

முதல் நாள் சாப்பாட்டில் கழிந்தது. இடியப்பம் நம் ஊரிலும் உண்டு, ஆனால் நாம் அதைத் தேங்காய்ப்பாலும் சீனியும் போட்டுக் குழந்தை மாதிரி வளர்க்கிறோம். இங்கே அதற்குச் சொதி, சம்பல், சூடை மீன் பொரியல் என்று முரட்டுச் சகவாசம். மதியம் சோறு முடிந்ததும் கிண்ணியா எருமைத் தயிர் வந்தது. சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத தயிர். அதன் மேல் பாணி என்று கறுப்பாக எதையோ ஊற்றினார்கள். பானி என்றால் தண்ணீர் என்று வடக்கே போய்வந்த அறிவோடு, "தண்ணி ஊத்தாதீங்க" என்று தடுக்கப்போனேன். கித்துள் பனையின் பாகு அது. தடுத்திருந்தால் வாழ்நாள் நஷ்டம்.

இரண்டாம் நாள் கேமராக்கள் வெளியே வந்தன. வீட்டை ஒட்டியிருந்த ஐஸ் ஆலையின் அலுவலக அறையில், பேரேட்டுப் புத்தகங்களை ஓரம் தள்ளிவிட்டு, நசீர் நானா இரண்டையும் மேசைமேல் வைத்தார். ஒன்று பெரியது. அதன் உள்ளே வெளிச்சத்தை வாங்கும் சில்லு தீப்பெட்டி அகலம், ஒரே படத்தில் பாதி வானத்தை வாரிக்கொள்ளும். இதைத் துறைமுகத்தில் பாய்க்கப்பல் கட்டியிருந்த ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து வாங்கினாராம். மற்றது சிறியது, பழையது, ஓரத்தில் பெயின்ட் உரிந்தது. எனக்குப் பெரியதைப் பார்த்ததுமே நாக்கில் எச்சில் ஊறியது.

"அவசரப்படாதீங்க. குளிர வச்சுப் பாப்பம்" என்றார் நானா.

இந்தக் கேமராக்களின் உள்ளே ஒரு குட்டிக் குளிர்சாதனம் உண்டு. சில்லு சூடானால் படத்தில் புள்ளி புள்ளியாக அழுக்கு விழும் என்பதால் உறைநிலைக்கும் கீழே பத்துப் பாகைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். நான் சிவகாசியில் வாழ்பவன், எனக்குத் தெரிந்த பிரச்சினை சூடு மட்டும்தான். குளிரின் தில்லுமுல்லுகள் ஐஸ்காரருக்குத்தான் தெரியும். கால் மணி நேரம் காத்திருந்து, டார்ச்சைச் சாய்த்துப் பெரிய கேமராவின் கண்ணாடிக்குள் அடித்தார். நடுவில் ஒரு குட்டிப் பெரணி இலை போல உறைபனி படர்ந்திருந்தது.

"உள்ளுக்கு ஈரம் போயிருக்கு. கடல் பாத்த சாமான். காயவைக்கலாம், ஆனா திரும்பவும் வரும்" என்றார். விற்க வந்த பொருளின் குறையை இப்படித் தேடிப் பிடித்துக் காட்டும் வியாபாரியை நான் சிவகாசியில் பார்த்ததில்லை.

சிறிய கேமராவில் பனி இல்லை. ஆனாலும் என் ஆசை அடங்கவில்லை. இருட்டுப் படம் எடுத்துப் பார்ப்போம் என்றேன். மூடியைப் போட்டு, பத்துப் பத்து நிமிடமாகப் படம் எடுத்தால், கேமரா தானாகப் போடும் அழுக்கு எவ்வளவு என்று தெரியும். பகலிலும் செய்யலாம், மழையிலும் செய்யலாம். இரண்டு பேரும் மூடிய கேமராக்களுக்கு முன்னால் நாற்காலிகளைப் போட்டு, மூச்சுக்கூடக் கவனமாக விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அப்போது அன்டனி வாசலில் எட்டிப் பார்த்து, "தாத்தா தேத்தண்ணி கொண்டு வாறா" என்றார். இந்த வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார் போலிருக்கிறது, இந்த வயதில் அவர் எதற்குத் தேநீர் தூக்கவேண்டும் என்று பதறி எழுந்து நின்றேன். வந்தவர் நசீர் நானாவின் மனைவி பரீதா. இங்கே முஸ்லிம்கள் அக்காவைத் தாத்தா என்பார்கள் என்று தேநீர் ஆறுகிற நேரத்தில் எனக்கு விளக்கப்பட்டது.

"மூடியப் போட்டுட்டு என்னத்தப் படம் எடுக்கிறீங்க?" என்று பரீதா கேட்டார்.

"இருட்ட" என்றார் நானா.

"ஒரு மணித்தியாலமாவா? கண்ண மூடினா அது சும்மாவே தெரியுமே."

படங்கள் வந்தபோது பெரிய கேமராவின் ஒரு மூலை விளக்கு வைத்தது போல வெளுத்திருந்தது. சிறியதன் இருட்டு சுத்தமான இருட்டு. ஒரு நட்சத்திரத்தைக்கூடப் பார்க்காமல், ஐஸையும் இருட்டையும் வைத்து, பெயின்ட் உரிந்த சிறிய கேமராவை எடுத்துக்கொண்டேன். மனதுக்குள் பெரியதை ஒருமுறை தடவிக் கொடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாம் நாள் காலை மூட்டை கட்டிக் கிளம்பியிருக்கவேண்டும். நானா அலமாரியிலிருந்து ஒரு சிறு பெட்டியை எடுத்து வந்து நீட்டினார். "இது நிறக் கண்ணாடி. வெள்ளைக்காரன் சேத்துத் தந்தது. நான் ஒரு நாளும் போட்டுப் பாக்கல்ல. எனக்குக் கறுப்பு வெள்ளைதான் புடிக்கும். நீங்க கொண்டு போங்க."

"எனக்கும் வேண்டாம் நானா. கறுப்பு வெள்ளையில இருக்கிற ஆழம் கலர்ல வராது."

"அதத்தான் நானும் சொல்றது. நிறம் கண்ண ஏமாத்தும்."

"சரியாச் சொன்னீங்க."

எப்பேர்ப்பட்ட கலைஞர் என்று அவரை நான் வியந்தேன். அவரும் என்னை அப்படித்தான் வியந்தாராம், பிறகு சொன்னார். இருந்தாலும் பொருளை அலட்சியமாகத் தரக்கூடாது என்று பெட்டியைத் திறந்தார். நாலு வட்டக் கண்ணாடிகள், தனித்தனிக் கூடுகளில். உப்புக்காற்றில் கூடுகளின் மேலிருந்த பெயர்கள் எல்லாம் உரிந்து போயிருந்தன. ஒன்று நிறமில்லாதது, ஒன்று நீலம், அதில் எனக்குக் குழப்பமில்லை. மிச்சம் இரண்டு.

"பெயர எழுதி ஒட்டிப்போட்டுத் தாறன். எது சிவப்பு, எது பச்சை எண்டு நீங்க எழுதுங்க. உங்கட கையெழுத்து நல்லம்" என்று பேனாவை நீட்டினார்.

"பொருள் உங்களுது. நீங்க எழுதுறதுதான் முறை" என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன்.

"விருந்தாளி நீங்க இருக்க நான் எழுதலாமா?"

பேனா மேசையில் நாலு தடவை போய் வந்தது. அந்த நேரம் பரீதா குசினி என்கிற சமையலறையிலிருந்து வெற்றுக் கோப்பைகளை எடுக்க வந்தார். எனக்கு ஒரு யோசனை தோன்றியது. "பாருங்க, இதுல எது அழகா இருக்கு?" என்று சாதாரணமாகக் கேட்டேன்.

அவர் எட்டிப் பார்த்தார். "ரெண்டும் வடிவுதான். எண்டாலும் பச்சைதான் கூட வடிவு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

"இதையா சொல்றீங்க?" என்று ஒன்றைத் தூக்கிக் காட்டினேன்.

"ஓம், ஓம்" என்று குசினிக்குள்ளிருந்து குரல் வந்தது. அவர் பார்க்கவில்லை என்பது கண்ணாடியைத் தூக்கிய எனக்கும் தெரியும், பக்கத்தில் இருந்த நானாவுக்கும் தெரியும். இரண்டு பேரும் சுவரைப் பார்த்தோம். வெளியே ஐஸ் உடைக்கும் இயந்திரம் நறநறவென்று ஓடி நின்றது.

நானா குரலைத் தாழ்த்தினார். "தம்பி, உண்மையச் சொல்லுங்க. உங்களுக்குமா தெரியாது?"

அந்த 'உங்களுக்குமா' என்பதில் இருந்த 'உம்' என் காதில் விழ ஒரு கணம் பிடித்தது. பிழை திருத்துபவன் காதுக்கே அப்படி. பிறகு நான் சிரிக்க ஆரம்பித்தேன். அவரும் சிரித்தார். இருமல் வந்து, கண்ணில் நீர் வந்து, மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தோம். வாழ்க்கையில் முதல்முறையாக என்னைப் போலவே பார்க்கிற ஒரு மனிதரைப் பார்க்கிறேன். அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளவேண்டும் போல இருந்தது.

சிரிப்பு அடங்கியதும் அவர் கதையைச் சொன்னார். இருபது வயதில் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டும் வேலைக்குப் போயிருக்கிறார். நீச்சல், முடிச்சு, இயந்திரம் எல்லாவற்றிலும் தேறியாகிவிட்டது. கடைசியில் இருட்டறையில் உட்காரவைத்து விளக்குகளைக் காட்டினார்களாம். படகின் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. இரவில் அதைப் பார்த்துத்தான் எதிரே வரும் படகு எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும். அவர் பத்துக்கு ஐந்து சொன்னார், அதுவும் குருட்டாம்போக்கில். வீட்டுக்கு வந்து காரணத்தைச் சொல்ல வெட்கம். கடலைக் கண்டால் பயம், அதனால் வேண்டாம் என்றுவிட்டேன் என்று சொல்லியிருக்கிறார்.

"கடலுக்குப் பயந்த கிண்ணியாக்காரன் எண்டு இண்டைக்கும் சொல்லுவாங்க. பரீதாவும் அப்படித்தான் நினைச்சிட்டிருக்கா. நான் ஐஸைக் குடுத்துப்போட்டு படகு கட்டுற ஜெற்றிப் பக்கமே போறதில்ல" என்றார்.

அப்போதுதான் எனக்கு மேசையில் இருந்த கேமரா கண்ணில் பட்டது. யாரையும் கேட்கத் தேவையில்லை என்று தோன்றியது. "நானா, வீட்டுல வத்தல் மிளகாய் இருக்கா?" என்றேன். அவர் விழித்தார். செத்தல் மிளகாய் என்று சொன்னால்தான் இங்கே புரியுமாம். குசினியிலிருந்து ஒரு செத்தல் மிளகாயும் ஒரு பச்சை மிளகாயும் திருட்டுத்தனமாகக் கொண்டு வந்தார். இவற்றின் நிறம் எங்களுக்குத் தெரியாவிட்டால் என்ன, சுருங்கிச் சலசலப்பது சிவப்பு, வழவழவென்று இருப்பதன் பெயரிலேயே பச்சை இருக்கிறது. இரண்டையும் வெள்ளைத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கேமராவில் என் சிறிய லென்ஸைப் பூட்டி, தெரியாத கண்ணாடியில் ஒன்றை முன்னால் வைத்துப் படம் எடுத்தோம்.

கணினித் திரையில் செத்தல் மிளகாய் வெள்ளையாகப் பளிச்சென்று வந்தது. பச்சை மிளகாய் கரியாகக் கிடந்தது. கண்ணாடியை மாற்றினோம். இப்போது செத்தல் கரி, பச்சை வெளிச்சம். முதலில் வைத்தது சிவப்புக் கண்ணாடி, இரண்டாவது பச்சை. சந்தேகத்துக்கு இடமே இல்லை. பரீதாவிடம் நான் பச்சை என்று தூக்கிக் காட்டியது சிவப்பு.

நான் அந்தத் திரையைப் பார்த்தபடியே இருந்தேன். யார் சொல்லியும் இல்லாமல், யார் முகத்தையும் பார்த்து ஊகிக்காமல், இது சிவப்பு என்று எனக்கு நானே தெரிந்துகொண்டது அதுதான் முதல் தடவை. நிறமில்லாத கேமராதான் அதைக் காட்டியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிளகாய் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. காலையில் இரண்டு பேரும் வேண்டாம் என்று தள்ளிய பெட்டியை இப்போது ஆளுக்கொரு கையால் பிடித்துக்கொண்டிருந்தோம். கண்ணாடிகள் முழுச் செட்டாக இருந்தால்தான் நான் ஊரில் ஒழுங்கான நிறப்படம் எடுக்கலாம், எண்களை வைத்தே நிறத்தைச் சரிபார்க்கலாம், கீரை மசியல்காரர்களின் வாயை அடைக்கலாம். நானாவோ மறு கையால் சிவப்புக் கண்ணாடியைக் கண்ணருகே வைத்து அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலை மழை சற்று விட்டது. "ஜெற்றிக்குப் போவமா?" என்றார் திடீரென்று. ஓட்டோவுக்குள் சாய்ந்திருந்த அன்டனி எழுந்து உட்கார்ந்தார். "நானா, கடல்கரைக்கா? நீங்களா?" என்று கேட்டார். நானா ஏறி உட்கார்ந்துகொண்டார்.

துறைமுகத்தில் மெல்ல இருட்டிக்கொண்டு வந்தது. மழைக்குப் பயந்து முன்னதாகவே திரும்பிய, பல நாள் கடலில் தங்கி மீன்பிடிக்கும் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே வந்தன, ஒவ்வொன்றிலும் விளக்குகள். எனக்கு எல்லாம் ஒரே மாதிரி மங்கல் மஞ்சள் பொட்டுகள். நானா ஜெற்றியின் விளிம்புவரை போய், கொண்டு வந்திருந்த சிவப்புக் கண்ணாடியை ஒரு கண்ணில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"அன்டனி, அந்தா போற படகு. சிவப்பு. எங்களுக்கு இடப்பக்கமாப் போகுது."

"ஓம் நானா."

"அங்கால உள்ளது அணைஞ்சு போச்சு. அப்ப பச்சை. வலப்பக்கம் போகுது."

"ஓம், பச்சைதான்" என்ற அன்டனி, இதில் என்ன அதிசயம் என்பது போல என்னைப் பார்த்தார். "இதப் பாக்க ஏன் நானாவுக்குக் கண்ணாடி?"

நானா விளிம்பிலிருந்து திரும்பி என்னிடம் வந்தார். கண்ணாடியைக் கூட்டில் போட்டு, மூடியை அழுத்தி, என் கையில் வைத்தார். "கொண்டு போங்க தம்பி. செட் உடைஞ்சு போகும். சிவப்பு இல்லாம நீங்க நிறப்படம் எடுக்க ஏலாது. படத்தில ஏன் நிறம் இல்லையெண்டு உங்கட ஆக்கள் கேப்பாங்க."

நான் கூட்டைப் பார்த்தேன். மறுபடி அவர் கையில் வைத்து விரல்களை மூடினேன்.

"கேட்டா, எனக்குச் சிவப்பு தெரியாது, பச்சையும் தெரியாது, பிறந்ததுல இருந்தே தெரியாதுன்னு சொல்லிடுவேன்" என்றேன். அன்டனி காதுபடத்தான் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே. ஒன்றும் இடிந்து விழவில்லை. அன்டனி, "அப்பிடியா அண்ணே?" என்று மட்டும் கேட்டார்.

நானாவுக்கு நான் சொன்னது கேட்டதா என்று தெரியாது. துறைமுக வாயிலில் இன்னொரு படகு திரும்பிக்கொண்டிருந்தது. அவர் அதற்குள் ஜெற்றி விளிம்புக்கு ஓடிப்போய், கண்ணாடியை வைத்துக்கொண்டு, படகுக்கே கேட்கும்படி கத்தினார்.

"பச்சை!"